ஒரு மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்

“இந்த றோட்டிலை இனி என்னால ஏலாது. வெள்ளிக்கிழமை நான் வரேல்லை.”

அப்புத்துரை இதைச் சொன்னபோது விமலேஸ்வரி மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக்கூட நிறுத்தியிருக்கவில்லை. அவர் பின்சீற்றிலிருந்து மெதுவாக இறங்கி, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் போனார். அந்த இடது கையில்தான் இரத்தம் எடுப்பதற்கான நரம்பு இருக்கிறது. அதில் அடிபடக்கூடாது என்று தாதிமார் சொல்லியிருந்தார்கள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்தமாக்கும் மெசினில் படுக்க வேண்டும். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை டொக்டர் தமிழிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஸ்கந்தபுரத்திலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. ஓட்டோவில் இரண்டு தடவை போய்ப் பார்த்தார்கள். மூன்று சில்லும் மூன்று பள்ளத்தில் விழுந்தன. எனவே மோட்டார் சைக்கிள்தான். ஐம்பத்தொரு வயதில் விமலேஸ்வரி அதை ஓடப் பழகினாள். முன்னால் மனைவி, பின்னால் கணவன். முதல் மாதம் அப்புத்துரை தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். பிறகு துவாய் போய்விட்டது. அதன் இடத்தில் வாய் வந்தது.

“கிளச்சைப் பிடியப்பா. கியரை இறக்கு.”

“பின்னாலை இருக்கிற ஆள் பேசாமல் இருக்கவேணும் எண்டு முந்தி எனக்கு ஆர் சொன்னது?” என்பாள் அவள்.

பள்ளம் வரும்போதெல்லாம் “பள்ளம்” என்று முன்னாலிருந்து சொல்வாள். அவர் இடது கையைத் தூக்கிப் பிடிப்பார். இருபது கிலோமீற்றரில் அவள் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னாள் என்று யாரும் எண்ணவில்லை. இந்த மார்கழி மழைக்குப் பிறகு மூச்சு விடாமல் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது அவர் வரவில்லை என்கிறார்.

வீதியை அவளால் திருத்த முடியாது. ஆனால் மோட்டார் சைக்கிள் அவளுடையது.

*

புதன்கிழமை காலை அவள் அக்கராயன் சந்தியில் அனிஸ்ரனின் கராஜுக்குப் போனாள். அனிஸ்ரன் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன். ஸ்கந்தபுரத்தில் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டவன். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. சீற்றின் பின்பக்கத்தில் இரு கைகளையும் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி விட்டான். அது கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது, மறுபடி மேலே வந்தது.

“அக்கா, இது ஷொக் இல்லை. ஊஞ்சல்.”

குத்தைத் தாங்கப் பின்சில்லின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு ஷொக் குழாய்களில் இடப்பக்கத்துக் குழாய் ஒயில் கசிந்து மண் அப்பிக் கிடந்தது.

“எத்தினை வருசம்?”

“பன்னிரண்டு.”

“இடப்பக்கம்தான் முதல் போகும். பொம்பிளையள் ஒருபக்கமா இருந்து இருந்து.”

“அப்ப நான்தான் பழுதாக்கினனான் எண்டுறீர்.”

“இப்ப அண்ணைதானே பின்னாலை. அவர் வலப்பக்கத்தைப் பழுதாக்கட்டும்.”

அவள் சிரித்தாள். பிறகு விசயத்தைச் சொன்னாள். அவர் வரமாட்டன் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. வீதி குத்துகிறது, அவருக்குத் தாங்க முடியவில்லை என்று சொன்னாள்.

அனிஸ்ரன் சுவரிலிருந்து ஒரு சோடியைக் கழற்றிக் காட்டினான். “இது பழையதைப் போலத்தான். போடலாம். ஆனா அண்ணைக்கு இது காணாது.” பக்கத்தில் சிவப்பு ஸ்பிரிங்கும் சின்னப் போத்தலும் ஒட்டிய இன்னொரு சோடி தொங்கியது. அவள் அதைப் பார்ப்பதைக் கண்டான். “அது பொடியள் கேக்கிற சாமான். வடிவுக்குத்தான். அந்தப் போத்திலுக்குள்ளை ஒண்டும் இல்லை. கல்லு மாதிரி இருக்கும்.”

“அப்ப எதுதான் நல்லது?”

“வவுனியாவிலை ஒரு கடையிலை இருக்கு. மேலை வளையம் ஒண்டு, அஞ்சு படி. ஸ்பிரிங்கை இறுக்கலாம், தளத்தலாம். கீழை ஒரு திருகு இருக்கு. அதுதான் முக்கியம். ஷொக் அமந்துபோய்த் திரும்பி எழும்பி வாற வேகத்தை அது கட்டுப்படுத்தும். பள்ளத்திலை விழேக்கை முதுகு நோகாது அக்கா. எழும்பேக்கைதான் அடிக்கும்.”

அவன் பழைய குழாயின் நீளத்தை மேல் ஓட்டையிலிருந்து கீழ் ஓட்டைவரை அளந்து ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதினான். நீளம் கூடினால் செயின் உரசும் என்றான். பிறகு, அந்தப் பக்கத்தில் ஷொக் மாற்ற வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

“எத்தினை மூட்டைக்குப் போட?”

அவளுக்கு விளங்கவில்லை.

“ஸ்பிரிங் பாரத்துக்கு ஏத்த மாதிரித்தான் வரும். கடைக்காரன் கிலோவிலை கேப்பான். எங்கடை ஆக்கள் நெல்லு மூட்டையிலைதான் சொல்லுவினம். நான் முல்லைத்தீவிலை வேலை பழகேக்கை மீன்பெட்டிக் கணக்கு. இஞ்சை வந்து மூட்டைக் கணக்குப் பழகிட்டன்.”

“ஒரு ஆள்தானே தம்பி,” என்றாள் விமலேஸ்வரி. “ஒரு மூட்டை.”

“சரி. ஒரு மூட்டை. அறுபத்தஞ்சு கிலோ.”

அவன் அதையும் மட்டையில் எழுதினான்.

*

மகள் யதுர்ஷிகாவுக்கு வவுனியாவில் தையல் தொழிற்சாலையில் வேலை. தாய் அவளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அப்பாவுக்கு ஷொக்கோ? ஆஸ்பத்திரியிலை கரண்ட் குடுக்கப் போகினமோ?” மகள் பதறினாள்.

“விசரி. மோட்டச்சைக்கிளுக்கு.”

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று மாலையே அவள் கடைக்குப் போனாள். வியாழன் காலை பெட்டி பஸ்ஸில் ஏற்றப்பட்டது. பத்தரை மணிக்குக் கொண்டக்டர் அதைச் சந்தியில் இறக்கி, “கவனம், கிழவருக்கு மருந்தாம்” என்று அனிஸ்ரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். யதுர்ஷிகா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பூட்ட அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அளவு வைப்பதில்தான் நேரம் போனது. பின்சில்லைத் தரையிலிருந்து தூக்கி, அச்சு நட்டிலிருந்து மேலே சேறு தடுக்கும் பின்தகட்டின் விளிம்புவரை நாடாவால் அளந்தான் அனிஸ்ரன். பிறகு இறக்கி, பாரத்தோடு அளக்க வேண்டும். எவ்வளவு பதிகிறது என்று பார்க்க வேண்டும்.

“ஷொக் அமந்து எழும்பிற ஓட்டம் பத்து சென்ரிமீற்றர். ஆக்கள் இருந்தா மூண்டு பதியவேணும். கூடப் பதிஞ்சா பள்ளத்திலை அடிதட்டும். குறையப் பதிஞ்சா தூக்கி எறியும். அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

“அவரை ஒருக்கால் ஏத்தி இறக்கிறதே பெரும்பாடு. நாளைக்குப் போகவேணும் வேற.”

அனிஸ்ரன் ஒரு கணம்தான் யோசித்தான். பக்கத்துக் கடை நெல் வியாபாரியின் வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கிவந்து பின்சீற்றில் நிமிர்த்தி வைத்து ரியூப்பால் கட்டினான். விமலேஸ்வரி முன்னால் ஏறி இருந்தாள்.

முதல் அளவில் நாலரை. வளையத்தை ஒரு படி இறுக்கினான். நாலு. மேலும் இரண்டு படி. சரியாக மூன்று.

“கச்சிதம்,” என்றான். “மதகடி மட்டும் ஒருக்கால் போட்டு வாங்கோ.”

அவள் மூட்டையோடு மதகடிவரை போய்த் திரும்பினாள். பள்ளங்கள் இருந்தன; குத்து இல்லை.

“எப்பிடி?”

“மூட்டை ஒண்டும் சொல்லேல்லை.”

“மூட்டை முறைப்பாடு சொல்லாது அக்கா. அண்ணையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

அன்று வீடு திரும்பும்போது அவளுக்குப் பாடவேண்டும்போல் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அப்புத்துரை படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

“எழும்புங்கோ. வந்து ஒருக்கால் பாருங்கோ. பிறகு வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

அவர் எழுந்து வந்து பார்த்தார். புதிய கறுப்புக் குழாய்களும், துடைத்து வைத்த சில்லும். குனிந்து அந்த வளையத்தைத் தொட்டார். நீண்ட நேரம் நிமிரவில்லை.

“இதுக்காகவோ ரெண்டு நாளா ஓடித்திரிஞ்சனி?”

“ஓம்.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி இருந்தார்.

முதல் பள்ளத்திலேயே விமலேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. பின்பக்கம் ஒரு உதை உதைத்தது. அவருடைய தாடை அவள் தோளில் வந்து இடித்தது. இரண்டாவது பள்ளத்தில் அவர் சீற்றிலிருந்தே எழும்பி விழுந்தார். மூட்டையோடு மெத்தைபோல் போன அதே வீதி. அதே மதகு. மெதுவாகப் போனாலும் குத்தியது, ஓரமாகப் போனாலும் குத்தியது.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். மெசினிலிருந்து எழும்பிய உடம்பு, வெறுமையான உடம்பு. மதகடியில் நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார். அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

“பாத்தியே,” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. “றோட்டு றோட்டுத்தான் விமலா. என்னத்தைப் பூட்டினாலும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு நிம்மதி இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது. அதை அவள் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, மடிப்புக் கலையாத சேட்டோடு அனிஸ்ரன் அவர்களின் வீட்டுக்கு வந்தான். கையில் சாவிப் பை. வெள்ளிக்கிழமை நடந்ததை விமலேஸ்வரி அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

“மூட்டை ஒண்டும் சொல்லேல்லை, ஆள் சத்தி எடுத்திட்டார் எண்டா எங்கையோ பிழை அக்கா. அண்ணை, ஒருக்கால் ஏறி இருங்கோ.”

அப்புத்துரைக்கு விருப்பமில்லை. “என்னத்துக்கு? கிடக்கட்டும்,” என்றார். ஆனால் பூசைச் சேட்டோடு மண்ணில் முழங்காலிட்டு இருக்கிறவனுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஏறி இருந்தார். விமலேஸ்வரி முன்னால் இருந்தாள். அனிஸ்ரன் நாடாவைப் பிடித்தான். புருவத்தைச் சுருக்கினான். இருவரையும் இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்லி, மறுபடி பிடித்தான்.

“மூண்டு வரவேணும். ஒண்டுதான் வருது.”

“நட்டு ஏதும் இறுகிப்போச்சோ?” என்று கேட்டாள் விமலேஸ்வரி.

“இல்லை அக்கா. நான் ஒரு மூட்டைக்குத்தான் வைச்சனான்.” அவன் எழுந்து நின்று அப்புத்துரையைப் பார்த்தான். ஊதிய முகம். உடம்புக்குப் பெரிய சேட்டு. மூன்று மடிப்பு மடித்துச் செருகிய சாரம். அவனுடைய குரல் இறங்கியது. “அண்ணை, உங்கடை நிறை என்ன?”

பக்கத்து வளவில் ஒரு கோழி கத்தியது.

“நெல்லெண்டு நினைச்சு வைச்சிட்டாய் தம்பி,” என்றார் அப்புத்துரை. “இது பதர்.”

அவர் சிரிக்க முயன்றார். விமலேஸ்வரி இறங்கித் திரும்பினாள்.

ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள். மெசின் அறைக்குள் அவளை விடமாட்டார்கள்; அங்கேதான் நிறை பார்ப்பார்கள்; அட்டையில் எழுதுவார்கள். வெளியே வந்ததும், “நிறை என்னவாம்?” என்று கேட்பாள். “அப்பிடியேதான்” என்பார் அவர். அட்டை எப்போதும் அவருடைய சேட்டுப் பையில் இருக்கும். முகம் ஊதி இருந்ததால் அவளும் நம்பினாள்.

இப்போது அவள் கையை நீட்டினாள். அவர் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஆங்கில எழுத்துகள் அவளுக்குத் தேவைப்படவில்லை. முதல் பக்கத்தில் அறுபத்தாறு. பிறகு அறுபத்தொன்று. பிறகு ஐம்பத்திநாலு. கடைசியாக, போன வெள்ளிக்கிழமை, நாற்பத்திமூன்று.

“தேத்தண்ணி போடுறன்,” என்று சொல்லி அவள் குசினிக்குள் போனாள்.

வெளியே இரண்டு ஆண்களும் அவள் போன வாசலைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தார்கள். வளையத்தை அடிப்படிவரை தளர்த்தியும் இரண்டரைக்கு மேல் பதியவில்லை. ஸ்பிரிங் கூடக் கடினம். அனிஸ்ரன் தலையைச் சொறிந்தான். பிறகு, “பழைய ஷொக் இருக்கோ? எறிஞ்சிட்டியளோ?” என்று கேட்டான்.

அது மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. அவன் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றித் துடைத்து, புதுக் குழாய்களில் ஏற்றினான். சுற்றளவு சரியாக இருந்தது.

“குழாய் புதுசு, ஸ்பிரிங் பழசு. பன்னிரண்டு வருசமாச் சுமந்து களைச்சுப்போன ஸ்பிரிங் அண்ணை. அதுதான் மெத்தெண்டு இருக்கும்.”

“களைச்ச ஆளுக்குக் களைச்ச ஸ்பிரிங்,” என்றார் அப்புத்துரை. “பொருத்தம்தான்.”

தேத்தண்ணி வந்தது. விமலேஸ்வரி முகம் கழுவியிருந்தாள். மறுபடி இருவரும் ஏறி இருந்தார்கள். இரண்டாம் படியில், சரியாக மூன்று. அனிஸ்ரன் வேலிப் பூவரசில் ஒரு தடியை முறித்து, அச்சு நட்டுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே நிற்கிற அளவுக்கு வெட்டிச் சீவினான்.

“அக்கா, இதை வைச்சிருங்கோ. ரெண்டு பேரும் இருக்கேக்கை இந்தத் தடி இறுகாமல், ஆடாமல் நிக்கவேணும். அப்பிடி நிண்டா அளவு சரி. மேலை இடைவெளி தெரிஞ்சா—” அவன் நிறுத்தினான்.

“தெரிஞ்சா?” என்றாள் அவள்.

“எனக்குச் சொல்லுங்கோ. ஒரு படி தளத்திவிடுறன்.”

*

செவ்வாய்க்கிழமை அவர்கள் வழமைபோல் ஐந்தரைக்குப் புறப்பட்டார்கள். பனி விழுந்துகொண்டிருந்தது.

“பள்ளம்,” என்றாள் விமலேஸ்வரி. பின்னால் அவர் கையைத் தூக்கினார்.

சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார். “எங்கை பள்ளம்?”

“அது போட்டுது. தாண்டியாச்சு.”

அவள் மறுபடி “பள்ளம்” என்றாள். மறுபடி எதுவும் நடக்கவில்லை. பின்பக்கம் அமர்ந்து, பெருமூச்சு விட்டதுபோல் மெதுவாக எழுந்தது. மதகையும் தாண்டினார்கள். வென்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

“விமலா, நிப்பாட்டு.”

அவள் பயந்து ஓரங்கட்டினாள். அவர் இறங்கவில்லை. அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்தே பேசினார்.

“றோட்டிலை பிழை இல்லை.”

“என்ன?”

“நான் சாட்டுச் சொன்னனான். முப்பது வருசமா இந்த றோட்டை ஒருத்தரும் திருத்தேல்லை. இனியும் ஆர் திருத்தப் போகினம்? அதாலை நல்ல சாட்டு எண்டு நினைச்சன். நீ ஷொக்கை மாத்துவாய் எண்டு ஆர் கண்டது.”

அவள் கைபிடியை விடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்ப ஏன் வரமாட்டன் எண்டனீங்கள்?”

“களைச்சுப்போனன். செவ்வாய்க்கிழமை அங்கை கிடக்கிறன். புதன் முழுக்கப் படுக்கிறன். வியாழன் எழும்பி ஒருவாய் சோறு சாப்பிட, வெள்ளி வந்திடுது. சனி, ஞாயிறும் அப்பிடித்தான். நான் உயிரோட இருக்கிற நாள் கிழமையிலை ஒண்டுதான் விமலா. மற்றதெல்லாம் மெசினுக்குத்தான். உனக்கு நேரை சொல்ல ஏலாமல் போச்சு. பழியை றோட்டிலை போட்டன்.”

ஒரு உழவு இயந்திரம் வெளிச்சத்தைப் போட்டபடி அவர்களைக் கடந்து போனது. ஓட்டியவன் அவர்களை அடையாளம் கண்டு கையைக் காட்டினான். இருவரும் கையைக் காட்டினார்கள்.

“இந்தமுறை வயல் நான் தனிய விதைச்சது,” என்றாள் விமலேஸ்வரி. “நீங்கள் வரம்பிலைகூட வந்து நிக்கேல்லை. நெல்லு அறுக்கிற அருவி வெட்டை நீங்கள் பாக்கவேணும். அது வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.”

“பிறகு?”

“பிறகு நான் கேக்கமாட்டன்.”

அவர் அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “எடு. ஏழு மணிக்கு நிக்கவேணும்.”

*

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை முழுவதும் ஒரு முறைகூடத் தவறவில்லை. பொங்கலன்று கரும்பு ஒரு துண்டு வாயில் வைத்து, விழுங்கக்கூடாது என்பதால் சாறைத் துப்பினார். வாரத்தில் ஒரு நாள், அவருடைய நாளில், அவள் அவரை ஏற்றிக்கொண்டு குளக்கட்டுக்கும் வயலுக்கும் போனாள். முன்பென்றால் அந்த வண்டில்பாதையில் அவரால் பின்சீற்றில் இருந்திருக்கவே முடியாது. இப்போது வரம்போரம் நிறுத்தி, சீற்றில் இருந்தபடியே கதிரைப் பார்த்து, “மூலைக்குத் தண்ணி காணாது”, “பாதிக் களை நிக்குது, களை எடுத்த கூலிக்காரர் உன்னை நல்லாப் பேய்க்காட்டி இருக்கினம்” என்று குறை சொன்னார். அவளுக்கு அந்தக் குறைகள் இனித்தன.

தடியை அவள் ஒவ்வொரு ஞாயிறும் பிடித்துப் பார்த்தாள். அவர் சீற்றில் இருக்க, அவள் முன்னால் இருந்தபடி ஒரு காலை ஊன்றிச் சரிந்து கையை நீட்டிப் பிடிப்பாள். பொங்கலுக்குப் பிறகு தடியின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் இடைவெளி தெரிந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு நெல். அவள் அனிஸ்ரனிடம் போய், “ஒரு படி தளத்திவிடும் தம்பி” என்றாள். அவன் காரணம் கேட்கவில்லை. தளர்த்தினான். பழைய தடி இறுகியது; புதிதாக ஒரு தடி வெட்டினான். வளையத்தில் அதற்கும் கீழே படி இல்லை.

மாசி முதல் கிழமை வெட்டு மெசின் வயலில் இறங்கியது. அப்புத்துரை வரம்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து மாலைவரை பார்த்தார். நெல் மூட்டையில் விழுந்தபோது ஒரு பிடி அள்ளி, ஊதி, பதர் பறந்த பிறகு மீதியை எண்ணுவதுபோல் விரலால் தள்ளிப் பார்த்தார்.

“பதர் குறைவு,” என்றார். “நல்லா விதைச்சிருக்கிறாய்.”

அடுத்த செவ்வாய் ஐந்தரைக்கு விமலேஸ்வரி மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து, பனியைத் துடைத்து, ஏறி இருந்தாள். கூப்பிடவில்லை. கேட்கமாட்டன் என்று சொல்லியிருந்தாள். அப்புத்துரை வாசலுக்கு வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் வந்து பின்னால் ஏறினார். வீட்டுப் படலையடிக்கு வந்ததும், இடப்பக்கம் திரும்பினால் கிளிநொச்சி, வலப்பக்கம் திரும்பினால் வயல். அவள் பிறேக்கைப் பிடித்தபடி நின்றாள்.

“வெட்டின வயலை ஒருக்கால் பாப்பம்,” என்றார் அவர்.

அவள் இடப்பக்கச் சிக்னலைப் போட்டிருந்தாள். அது தக்குத் தக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதை நிறுத்தி, வலப்பக்கம் திருப்பினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. அவரே எடுத்துப் பேசினார். டொக்டர் இரண்டு தடவை விளங்கப்படுத்தினார். அவர் இரண்டு தடவையும் “விளங்குது சேர்” என்றார். யதுர்ஷிகா லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பத்தாம் நாள் மாலை அவர் போய்விட்டார்.

*

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்குச் சோறாக்க அந்த வயல் நெல்லே வேண்டும் என்றாள் விமலேஸ்வரி. ஒரு மூட்டையை ஆலைக்குக் கொண்டுபோய்க் குற்ற வேண்டும். தூக்கி வைக்க ஆள் இல்லாததால் அனிஸ்ரனை அழைத்தாள்.

அவன் மூட்டையைத் தூக்கிப் பின்சீற்றில் நிமிர்த்தி வைத்தான். மோட்டார் சைக்கிள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்தகடு சில்லில் முட்டியது.

“நான் நினைச்சன்,” என்றான் அவன். “நாற்பது கிலோவுக்கு வைச்ச அளவெல்லோ. பொறுங்கோ அக்கா, நாலு படி இறுக்கினா ஒரு மூட்டை தாங்கும். ரெண்டு நிமிசம்.”

அவன் சாவியை எடுத்து வளையத்தில் கொழுவினான்.

“இறுக்காதையும் தம்பி.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அது அப்பிடியே இருக்கட்டும். மூட்டையை இறக்கும்.”

அவள் உள்ளே போய் வெறும் சாக்கொன்றும் அந்த இரண்டாவது தடியும் கொண்டுவந்தாள். இருவருமாக நெல்லில் கொஞ்சத்தை வெறும் சாக்கில் கொட்டினார்கள். குறைந்த மூட்டையை ஏற்றிக் கட்டினார்கள். அவள் முன்னால் ஏறி இருந்தாள். அனிஸ்ரன் தடியைப் பிடித்தான். இறுகியது. இன்னும் இரண்டு சுண்டு நெல்லைக் குறைத்தான். மறுபடி பிடித்தான். தடி இறுகாமல், ஆடாமல் நின்றது.

“சரியோ?” என்று அவள் திரும்பாமல் கேட்டாள்.

அவன் தடியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“ஓம் அக்கா. சரி.”

அவள் கியரைப் போட்டாள். அன்று ஆலைக்கு இரண்டு தடவை போய்வந்தாள்.